ஆழம் என்ற ஓர் எண்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலநடுக்கம் என்றாலே பூஜ், காத்மாண்டு என்று பெரிய பெயர்களைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நான் உங்களை ஒரு சிறிய இடத்துக்கு அழைத்துப்போகிறேன். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை கொங்கணத்தை நோக்கிச் சரேலென இறங்குவதற்குச் சற்றுக் கிழக்கே, கொய்னா என்ற ஆறு ஓடுகிறது. கிருஷ்ணாவின் துணையாறு அது. அந்த ஆற்றில் கட்டிய அணைக்குத் தெற்கே, 30 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் 1960களிலிருந்து நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ரிக்டர் அளவில் 5-ஐத் தொட்டவை 20-க்கும் மேல்; 4-ஐத் தொட்டவை ஏறத்தாழ 200; அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துண்டைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் நடுக்கம் பிறக்கும் வேறு இடமே இல்லை.

இமயமலையோடு ஒப்பிட்டால் இது நடுத்தரப் பிளவு. ஆய்வு செய்பவனுக்கு அந்த நடுத்தரம்தான் வசதி. பெரும்பிளவுகள் பல நூறு ஆண்டுக்கு ஒருமுறை வாய் திறக்கும். ஒரு ஆராய்ச்சியாளரின் பணிக்காலத்தில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். அமைதியான பிளவுகளில் கருவி வைத்தால் லாரி போகும் சத்தம்தான் பதிவாகும். கொய்னாவில் வாரந்தோறும் ஏதாவது ஒன்று பதிவாகிறது, அதுவும் ஒரே பகுதிக்குள். அங்கே கருவிகளோடு காத்திருந்தவர்கள் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், நான் ஒரே வரியில் சொல்வேன்: ஆழம் என்ற ஓர் எண்ணைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம், அதைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் 1967. அந்த ஆண்டு டிசம்பர் 11, அதிகாலை 4 மணி 21 நிமிடம். அளவு 6.3. கொய்னா நகரில் பெரும்பாலான வீடுகள் இடிந்தன. ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். 200 கிலோமீட்டருக்கு அப்பால் மும்பையில் மக்கள் வீட்டைவிட்டு ஓடிவந்தார்கள். கொய்னாவின் நீர்மின் நிலையம் நின்றதால் மும்பையின் ஆலைகளுக்கு மின்சாரமும் தடைப்பட்டது. 103 மீட்டர் உயரமுள்ள அணை உடையவில்லை, ஆனால் விரிசல் கண்டது. அணையின் பின்முகச் சரிவு மாறும் உயரத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் வரும் அந்த இடத்தில், கிடைமட்டமாக விரிசல்கள் ஓடின. பிறகு அணைக்கு முட்டுக்கொடுத்துப் பலப்படுத்தினார்கள்.

அணைக்கு உள்ளேயே ஒரு முடுக்கமானி இருந்தது. அணையின் நீளவாட்டில் புவியீர்ப்பின் 0.63 பங்கு அளவுக்கு முடுக்கத்தை அது பதிவு செய்தது. அணையை வடிவமைத்தபோது நிலநடுக்கத்துக்காக வைத்துக்கொண்ட கணக்கு 0.05. இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது, ஒன்று நிலைக்கணக்கின் கெழு, மற்றது ஒரு கண உச்சம் என்று இங்குள்ள பொறியியல் நண்பர்கள் எழுந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் பதிவுதான் இன்றும் உலகெங்கும் கான்கிரீட் அணைகளைக் கணினியில் குலுக்கிப்பார்க்கும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடக்கணக்கு. ஒரு கருவி சரியான இடத்தில், ஓடும் நிலையில், முன்கூட்டியே இருந்ததால் கிடைத்த சொத்து அது.

தக்காணமும் அதற்குத் தெற்கே உள்ள தீபகற்பமும் அசையாத பழம்பாறை என்றே அதுவரை நினைத்திருந்தோம். அணைகள் நடுக்கத்தைத் தூண்டலாம் என்பதோ அப்போது புதுச்செய்தி அல்ல. அமெரிக்காவின் ஹூவர் அணையில் 1930களிலேயே கண்டிருந்தார்கள். 1962-இல் சீனாவின் சின்ஃபெங்ஜியாங், 1963-இல் ஆப்பிரிக்காவின் கரிபா, 1966-இல் கிரேக்கத்தின் கிரெமஸ்டா என்று வரிசையாக 6-ஐத் தாண்டிய நடுக்கங்கள் வந்திருந்தன. கொய்னாவிலும் 1960களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியதுமே சிறு அதிர்வுகளும் நிலத்தடி முழக்கமும் கேட்டன. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அணையைச் சுற்றிக் கருவிகள் வைத்தது அதனால்தான். இந்தியாவில் ஓர் அணைக்கென்று பிறந்த தொடக்ககால உள்ளூர் வலையமைப்புகளில் அது ஒன்று. 1967 செப்டம்பரிலேயே 5-ஐத் தாண்டிய நடுக்கம் ஒன்று வந்தது. டிசம்பரில் பெரியது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம்.

பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வந்து சேர்வது பி அலை. கருங்கல் பாறையில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். பின்னால் வருவது எஸ் அலை, நொடிக்கு 3.5 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நொடியில் எண்ணி 8-ஆல் பெருக்கினால் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். மூன்று நிலையங்களின் தொலைவு தெரிந்தால் மூன்று வட்டம் வரையலாம்; வெட்டும் இடத்தில் மேல்மையம். பள்ளிப் பாடநூலிலும் இது உண்டு. பாடநூல் சொல்லாமல் விடுவது, மேல்மையத்துக்குக் கீழே, பாறை உடைந்த புள்ளியான குவியம் எவ்வளவு ஆழத்தில் என்பதை.

ஒரு கணக்கு போடுவோம். நடுக்கம் 5 கிலோமீட்டர் ஆழத்தில் நேர்ந்தது என்று வையுங்கள். 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையத்துக்கு அலை ஓடும் தூரம் 100.1 கிலோமீட்டர். அதே நடுக்கம் 10 கிலோமீட்டர் ஆழத்தில் நேர்ந்திருந்தால் 100.5. வித்தியாசம் 400 மீட்டருக்குள். நேரத்தில் ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு. இதே நிலையம் மேல்மையத்திலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தால் முதல் தூரம் 7.1, இரண்டாவது 11.2, நேர வித்தியாசம் முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. தொலைவில் இருப்பவனுக்கு ஆழம் தெரியாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. ஆழத்தைச் சொல்லவேண்டுமானால், அந்த ஆழத்தின் அளவுக்காவது நெருங்கி ஒரு நிலையம் இருந்தாக வேண்டும்.

பத்திரிகையில் நிலநடுக்கச் செய்தி வரும்போது ஆழத்தைக் கவனியுங்கள். '10 கிலோமீட்டர்' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் அது அளந்த எண் அல்ல. ஆழத்தைக் கணிக்க முடியாதபோது கணினிக்கு ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்தாக வேண்டுமே என்று வைக்கும் எண். பழைய உலகப் பட்டியல்களில் அதே வேலையை 33 கிலோமீட்டர் செய்தது. பட்டியலைப் புரட்டினால் உலகில் பாதி நடுக்கங்கள் 33-இல் நேர்ந்தனவோ என்று தோன்றும். எண்ணை எழுதுவதைவிட 'தெரியவில்லை' என்று எழுதுவது நேர்மை. ஆனால் அட்டவணையின் கட்டங்கள் அதற்கு இடம் தருவதில்லை.

நெருங்கிப்போய் நிலையம் வைத்தால் போதுமா? கடிகாரம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு நொடி பிழைத்தால் 600 மீட்டர் பிழை. கரி பூசிய காகிதம் சுற்றிய உருளையில் ஊசி கோடு கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் கடிகாரம். அதை வானொலி நேரக் குறிகளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். ஒரு நிலையத்தின் கடிகாரம் அரை நொடி பிந்தியது என்றால், அந்த வாரத்தின் எல்லா நடுக்கங்களும் வரைபடத்தில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு இந்தத் தலைவலி தீர்ந்தது. இன்று ஒவ்வொரு நிலையமும் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நிலநடுக்கவியலில் கடந்த 50 ஆண்டில் நிகழ்ந்த மிகப்பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால் பலர் கணினி என்பார்கள். நான் கடிகாரம் என்பேன்.

பாறையின் வேகமும் தெரிந்திருக்க வேண்டும். கொய்னாவில் மேலே இருப்பது ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பசால்ட். அடுக்கு மேல் அடுக்காக, இடையிடையே சிதைந்த செம்மண் படலத்தோடு. அதன் கீழே பழைய கிரானைட். இரண்டிலும் அலை வெவ்வேறு வேகத்தில் ஓடும். பசால்ட் எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் கணக்கு போட்டால் எல்லா நடுக்கமும் சற்று மேலாகவோ கீழாகவோ விழும். தடிமனை நேரில் அறிய ஒரே வழி துளையிடுவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலையங்கள் நடுக்கப் பகுதியைச் சூழ்ந்தும் நிற்கவேண்டும். ஒரே பக்கமாக எல்லாவற்றையும் நிறுத்தினால் மறுபக்கத்தில் இடம் வழுக்கும். சொல்வது சுலபம். கொய்னாவில் நடுவே நீண்ட நீர்த்தேக்கம், மேற்கே மலை முறிந்து கொங்கணச் சரிவு, அடர்காடு. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தொடும் மழை, அதுவும் பெரும்பகுதி நான்கே மாதத்தில். அந்த நான்கு மாதம் சோலார் தகட்டுக்கு வெயில் கிடையாது, பேட்டரி இறங்கும். இடி விழுந்தால் மின்சுற்று போகும். எலி கேபிளைக் கடிக்கும். தகட்டை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள். எந்த நாட்டில் எந்த வலையமைப்பை நடத்துகிறவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசினால் அவர் அறிவியல் பேசமாட்டார். பேட்டரி பற்றிப் பேசுவார். ஆய்வுக் கட்டுரையில் 'நிலையம் சிறிது காலம் இயங்கவில்லை' என்று ஒரு வரியில் வருவதன் பின்னால், மழையில் மலையேறிப்போன ஒரு தொழில்நுட்பப் பணியாளர் இருப்பார். ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

ஹைதராபாதில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் 2005-இல் கொய்னாவிலும் அதற்குத் தெற்கே உள்ள வார்ணா அணைப் பகுதியிலும் இலக்கமுறை நிலையங்களை நெருக்கமாக வைத்துத் தொடர்ந்து பதிவு செய்யத் தொடங்கியது. படம் தெளியத் தொடங்கியது அதன் பிறகுதான். நடுக்கங்களில் பெரும்பாலானவை 10 கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், அதிலும் 2 முதல் 8 கிலோமீட்டருக்குள் நேர்கின்றன. அணைக்குப் பக்கத்தில், வடக்கு-வடகிழக்காகச் செல்லும் டோனாச்சிவாடா பிளவில் இரு பக்கப் பாறையும் பக்கவாட்டில் உரசி நகர்கின்றன. 1967-இல் நானேல் கிராமத்தருகே தரையில் வெடிப்புகள் தோன்றியது இந்தக் கோட்டில்தான். தெற்கே வார்ணாப் பக்கத்திலோ பாறை கீழ்நோக்கி இறங்கும் வகை நடுக்கங்களே மிகுதி. ஒரே பகுதி என்று நினைத்தது இரண்டு வகைப் பிளவுகளின் சேர்க்கை என்று புரிந்தது.

இதைக் காட்டியவை பெரிய நடுக்கங்கள் அல்ல. அளவு 5 கொண்டது சில ஆண்டுக்கு ஒன்று, ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. நடுக்கங்களின் எண்ணிக்கையில் ஒரு பொதுவிதி உண்டு: அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்காகும். 4-இல் 200 என்றால் 3-இல் 2,000, 2-இல் 20,000. யாருக்கும் உறைக்காத 1 அளவு அதிர்வையும் பிடிக்கும் வலையமைப்பு, தொலைவிலிருந்து 3-ஐ மட்டும் பிடிக்கும் நிலையத்தைவிட நூறு மடங்கு புள்ளிகளைத் தருகிறது. இருட்டறையில் சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடிப்பதுபோல அந்தச் சிறு புள்ளிகள் சேர்ந்து பிளவின் தளத்தைக் காட்டும். அருகருகே நேர்ந்த இரண்டு நடுக்கங்களின் நேரங்களை ஒன்றுக்கொன்று கழித்துப் பார்க்கும் முறை 2000-இல் வந்த பிறகு, மேகம்போலப் பரந்திருந்த புள்ளிகள் சுருங்கித் தளங்களாக நின்றன. பாதையின் பொதுப்பிழை கழித்தலில் போய்விடுகிறது; அவ்வளவுதான் தந்திரம்.

பட்டியலில் கல்குவாரி வெடிகளும் நுழைந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். அவற்றைப் பிரிக்க நுட்பமான வழிகள் பல உண்டு. எளிய வழி, நாளின் எந்த மணியில் எத்தனை என்று எண்ணிப்பார்ப்பது. பூமிக்கு இரவும் பகலும் ஒன்று. பட்டியலில் பகலில் மட்டும் மேடு தெரிந்தால் அது மனிதர்கள் செய்தது. மதிய உணவு வேளையில் பள்ளம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

சிறு நடுக்கங்களைப் பற்றி இன்னொரு நம்பிக்கை ஊரிலும் உண்டு, படித்தவரிடமும் உண்டு: அவை வந்துகொண்டே இருந்தால் நல்லது, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும் என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 1967-இன் ஆற்றலுக்குச் சமமாக, 4 அளவுள்ளவை ஏறத்தாழ 2,800 வேண்டும்; 5 அளவுள்ளவை என்றால் 90. கொய்னாவில் இத்தனை காலத்தில் வந்த 4-கள் 200. ஆறுதலாகச் சொல்லத் தோன்றும் வார்த்தைதான், உண்மையில்லை.

நீருக்கும் நடுக்கத்துக்கும் உள்ள உறவுக்கும் ஆழம் வேண்டும். ஏரியில் நீர் ஏறும்போது இரண்டு காரியம் நடக்கிறது. நீரின் எடை உடனடியாகக் கீழே உள்ள பாறையை அழுத்துகிறது. அதோடு, விரிசல்கள் வழியாக நீரழுத்தம் மெதுவாகக் கீழிறங்கி, பிளவின் இரு முகங்களையும் இறுக்கிவைத்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. பிளவு ஏற்கெனவே உடையும் நிலைக்கு நெருங்கி இருந்தால்தான் இது நடக்கும். அணை நடுக்கத்தை உண்டாக்கவில்லை, தூண்டுகிறது. கொய்னாவில் மழைக்காலத்தில் ஏரி நிரம்பும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓர் எழுச்சி. நீர் இறங்கத் தொடங்கிய டிசம்பரையொட்டி இன்னொன்று. ஏரி நிரம்பும் வேகம் வாரத்துக்கு 12 மீட்டரைத் தாண்டும்போதும், முன்பு தொடாத உயரத்தை நீர் தொடும்போதும் 5 அளவு நடுக்கத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்று நிலநடுக்கவியலாளர் ஹர்ஷ் குப்தாவும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். அது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல என்பதையும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். வாரம் 12 மீட்டர் ஏறியும் ஒன்றும் வராத ஆண்டுகள் உண்டு.

வார்ணாவில் 1985-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் நடுக்கங்கள் தெற்கே நகர்ந்தன. 1993 டிசம்பரிலும் 1994 பிப்ரவரியிலும் அங்கே 5-ஐத் தாண்டியவை வந்தன. இடைவெளி பல ஆண்டுகள். நீரழுத்தம் ஆழத்துக்கு இறங்க எடுத்த காலமா அது, நீர்மட்டம் முழு உயரத்தைத் தொட எடுத்த காலமா? நடுக்கம் 3 கிலோமீட்டரில் தொடங்கியதா 8-இலா என்று தெரிந்தால் அழுத்தம் இறங்கிய வேகத்தைக் கணக்கிடலாம். தெரியாவிட்டால் இரண்டு விளக்கமும் சரி என்றே இருக்கும். ஆழத்தில் ஒரு கிலோமீட்டர் பிழை என்பது வரைபட அழகு சம்பந்தப்பட்டது அல்ல.

இந்த இடத்தில்தான் கொய்னா உலகின் பிற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. குவியம் 15, 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால் மனிதன் அங்கே போகமுடியாது. 3, 4 கிலோமீட்டர் என்றால் துளையிட்டுப் போகலாம். ஆழம் குறைவு என்பது உறுதியானதும் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் பாறைக்குள் இறங்க முடிவு செய்தது. கராட் என்ற ஊரில் அதற்கென்றே ஆழ்துளைப் புவி இயற்பியல் ஆய்வகம் ஒன்றும் உருவானது. முதலில் ரசாட்டி என்ற இடத்தில் 1,500 மீட்டர் துளை. ஏறத்தாழ 930 மீட்டரில் பசால்ட் முடிந்து நேரே கிரானைட் தொடங்கியது; நடுவே படிவுப் பாறை எதுவும் இல்லை. முன்பு ஊகத்தில் வைத்திருந்த பசால்ட் தடிமனுக்கு இப்போது அளந்த எண் கிடைத்தது.

அடுத்து, நடுக்கப் பகுதியைச் சுற்றி ஆறு துளைகளில், பசால்டுக்குக் கீழே கிரானைட்டுக்குள், ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலுமான ஆழத்தில் நிலநடுக்கமானிகளை இறக்கினார்கள். மேலே காற்று, மழை, மரம், லாரி, நீர்மின் சுழலி எல்லாம் ஓயாமல் அதிர்வைத் தரும். அடுக்கடுக்கான பசால்டும் அலையைச் சிதறடித்து மழுக்கும். கீழே அமைதி, பி அலை முளைக்கும் கணம் கூர்மையாகத் தெரியும். கருவியைக் கீழே கொண்டுபோனதில் இருப்பிடப் பிழை ஏறத்தாழ 800 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குக் குறைந்தது. 1967-இல் கிலோமீட்டர் கணக்கில் தடுமாறிய எண் இது. கோதணே என்ற ஊரில் 2017-இல் 3 கிலோமீட்டர் துளையும் முடிந்தது. பாறையின் வெப்பம், அழுத்தத்தின் திசை, நீர் ஊடுருவும் தன்மை எல்லாவற்றையும் நேரடியாக அளக்கும் வாய்ப்பு அது.

துளையிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பவேண்டாம். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவையே ஊடுருவித் துளையிட்டார்கள். 2008-இல் அதற்குள் இறக்கிய கருவிகள் வெகு சீக்கிரம் செயலிழந்தன. வெப்பமும் வாயுவும் அழுத்தமும் கருவிக்கு எதிரி. எனவே மேற்பரப்பு நிலையங்களைக் கைவிட்டுவிட்டு ஆழத்தை மட்டும் நம்புவது புத்திசாலித்தனமாகாது என்பது என் கருத்து.

பார்க்ஃபீல்டைச் சொன்னதால் முன்னறிவிப்பையும் சொல்லியாகவேண்டும். அங்கே 1857 முதல் 1966 வரை ஆறு நடுக்கம், சராசரியாக 22 ஆண்டுக்கு ஒன்று. அடுத்தது 1993-க்குள் வரும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் அறிவித்துப் பிளவைச் சுற்றிக் கருவிகளைக் குவித்தார்கள். வரவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்று, 6.0 அளவில், எதிர்பார்த்த பகுதியிலேயே வந்தது. குறிப்பிடத்தக்க முன்னறிகுறி எதுவும் இல்லாமல். தேதி தவறியது, இடம் தவறவில்லை. அவ்வளவு நெருக்கமாகக் கருவிகள் சூழ நேர்ந்த நடுக்கங்கள் உலகில் மிகச் சில.

கொய்னாவிலும் முயற்சி நடந்தது. 4 அளவு நடுக்கங்களுக்கு முன் சிறு அதிர்வுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கூடி, ஆழம் நோக்கி இடம்பெயர்கின்றன என்று கண்டு, சில நாள்களுக்குள் 4 அளவு நடுக்கம் வரலாம் என 2006 மே மாதம் முன்கூட்டிச் சொன்னார்கள், வந்தது. இதைச் சாதனை என்று கொண்டாடுபவரும் உண்டு, தற்செயல் என்று ஒதுக்குபவரும் உண்டு. நான் இரண்டிலும் சேரமாட்டேன். ஆண்டுக்குச் சராசரியாக மூன்று, நான்கு முறை 4 அளவு வரும் ஓரிடத்தில், ஒரு முன்னறிவிப்பு பலித்ததை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது. எத்தனை முறை சொன்னோம், எத்தனை முறை சொல்லாமலேயே வந்தது, எத்தனை முறை சொல்லியும் வரவில்லை என்ற மூன்று எண்ணையும் சேர்த்து வைத்தால்தான் அது அறிவியலாகும். ஆனால் அந்த முயற்சியைச் செய்யவே, அதிர்வின் ஆழத்தைச் சில மணி நேரத்திலேயே கணித்துத் தரும் வலையமைப்பு வேண்டும். கொய்னாவில் அது இருந்தது.

அது இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதே மகாராஷ்டிரத்தில், லாத்தூர் அருகே கில்லாரி. 1992-இல் அங்கே மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் வந்தன. அக்டோபரில் வந்த ஒன்று வீட்டுச் சுவர்களில் விரிசல் விழச் செய்யும் அளவுக்குப் பெரியது. மக்கள் பயந்து வெளியே படுத்தார்கள். பிறகு அடங்கியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, 6.2 அளவில் நடுக்கம் வந்து ஏறத்தாழ 10,000 பேர் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகளுக்கடியில் மாண்டார்கள். 1992-இன் அதிர்வுகள் நேர்ந்த இடத்தையும் ஆழத்தையும் அப்போதே பதிவு செய்ய அங்கே நெருக்கமான நிலையங்கள் இல்லை. இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. கொன்றது வீடு. ஆனால் அந்த ஓராண்டில் அடியில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இன்று ஊகம் மட்டுமே விடை.

தென்னகத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாட்டின் முதல் நிலநடுக்கமானிகளில் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் நிறுவப்பட்ட மில்ன் கருவி. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை உலுக்கிய நடுக்கம் ஏறத்தாழ 6 அளவு என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பு, எந்த ஊரில் எவ்வளவு உணர்ந்தார்கள் என்ற குறிப்புகளைக் கொண்டு பின்னாளில் போட்ட கணக்கு. எந்தப் பிளவு, எந்த ஆழம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அருகில் கருவிகள் இல்லை. தீபகற்பம் அசையாது என்ற நம்பிக்கை 1967 வரை எப்படி நிலைத்தது என்று எனக்கு ஆச்சரியம்தான். 2000 டிசம்பரில் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டையில் 5 அளவில் நடுக்கம் வந்தபோது தேனிப் பக்கமும் உணர்ந்தார்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலுக்கடியில் 5.5, சென்னையில் அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இடுக்கி, முல்லைப்பெரியாறு பகுதியில் சின்ன அதிர்வு ஒன்று வந்தாலும் மறுநாள் இரு மாநிலப் பத்திரிகைகளிலும் அணை பற்றிய சண்டைதான் தலைப்பு. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் பேச வரவில்லை. அதிர்வு அணைக்கு எவ்வளவு தூரத்தில், எந்தப் பிளவில், எந்த ஆழத்தில் நேர்ந்தது என்ற மூன்று எண் இரு தரப்பும் ஏற்கும்படி வெளிப்படையாகக் கிடைக்கவேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. 2 அளவு அதிர்வுக்கும் ஆழம் சொல்ல வேண்டுமானால் நிலையங்களுக்கிடையே 10 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது; அதைவிட விலகினால் பட்டியலில் மீண்டும் அந்த முழு எண் 10 வந்து உட்காரும். பதிவுகளை இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் அதே நாளில் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவைக்க வேண்டும். நிலையம் அமைக்க ஆகும் செலவைவிட, அதை 20 ஆண்டு நடத்த ஆகும் பேட்டரிச் செலவையும் ஆள் சம்பளத்தையும் முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். திறப்பு விழாவோடு தொகை தீர்ந்துபோன திட்டங்களை இந்த அவையில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். புவியியல் மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.